நயாகரா போகணும், ஆனா உயரம்னா உயிர் போகுது: நாமக்கல் வாசகிக்கு பதில்

நாமக்கல்லேர்ந்து 54 வயசு அம்மா ஒருத்தங்க எழுதியிருக்காங்க. பெரிய கடிதம், முக்கியமானத மட்டும் இங்க தர்றேன்.

"மேடம், என் மக டொராண்டோல இருக்கா. ஜூலை மாசம் நான் அங்க போறேன். போன உடனே நயாகரா கூட்டிட்டு போறேன்னு மாப்பிள்ளை இப்பவே ரூம் எல்லாம் போட்டுட்டாரு. எனக்கு சின்ன வயசுலேர்ந்தே உயரம்னா ஆகாது, மொட்டை மாடி ஓரத்துக்கு கூட போக மாட்டேன். கொல்லிமலை ஆகாய கங்கைக்கு போனப்ப படி இறங்க முடியாம பாதியிலயே உக்காந்துட்டேன், கால் கூசி, கை எல்லாம் வேர்த்து, தல சுத்தி, மத்தவங்க எல்லாம் குளிச்சிட்டு சிரிச்சிகிட்டே வந்தாங்க. இதுவாச்சும் பரவால்ல, இன்னொன்னு இருக்கு, யார்கிட்டயும் சொன்னதில்ல. உயரத்துல நின்னா குதிச்சிடுவேனோன்னு ஒரு நினைப்பு வருது. எனக்கு சாகணும்னு ஆசையே கிடையாது மேடம், சந்தோஷமா தான் இருக்கேன். பேத்தி கைய பிடிச்சிட்டு அங்க நிக்கும்போது அந்த நினைப்பு வந்தா என்ன பண்றது? எனக்கு மனசு ஏதும் சரியில்லையா? மாத்திரை ஏதாவது போட்டுகிட்டு போகலாமா, இல்ல உடம்பு சரியில்லன்னு சொல்லிட்டு வீட்லயே இருந்துடவா?"

வணக்கம்மா. மொதல்ல நீங்க கடைசியா எழுதினதுக்கு வர்றேன், ஏன்னா அத எழுதறதுக்கு தான் நீங்க மத்த எல்லாத்தையும் எழுதியிருக்கீங்கன்னு எனக்கு தோணுது. குதிச்சிடுவேனோங்கற அந்த நினைப்பு உங்களுக்கு மட்டும் வர்றதில்லம்மா. உயர பயத்துக்காக என்கிட்ட வர்றவங்கள்ல நிறைய பேர் இத சொல்றாங்க, அதுவும் நேரம் முடிஞ்சு எழுந்திருக்கும்போது கதவு கிட்ட நின்னு தயங்கி தயங்கி தான் சொல்றாங்க. அமெரிக்காவுல ஃப்ளோரிடா ஸ்டேட் யூனிவர்சிட்டில இத பத்தி ஒரு ஆராய்ச்சி பண்ணி 2012ல வெளியிட்டாங்க, தற்கொலை எண்ணம் வாழ்க்கையில ஒரு தடவை கூட வராதவங்கள்லயும் நிறைய பேருக்கு உயரத்துல நிக்கும்போது இப்படி ஒரு உந்துதல் வருதுன்னு அதுல தெரிஞ்சுது. அவங்க சொன்ன விளக்கம் எனக்கு ரொம்ப பிடிக்கும். ஓரத்துக்கு போன உடனே உங்க மூளை உங்கள காப்பாத்த பட்டுன்னு பின்னாடி இழுக்குது, நீங்க யோசிக்கறதுக்கு முன்னாடியே அது நடந்து முடிஞ்சிடுது. அப்புறம் தான் மனசு "நான் ஏன் இப்ப பின்னாடி வந்தேன், கீழ விழற மாதிரி ஒண்ணும் இல்லையே, ஒருவேளை குதிக்க நினைச்சேனோ"ன்னு ஒரு காரணத்த தேடி ஒட்ட வைக்குது. அதாவது உயிர் மேல இருக்கற அக்கறை தான் அந்த மாதிரி தப்பா தெரியுது.

பேத்திய பத்தி வர்ற பயமும் அதே ஜாதி தான். நாம யார உயிரா நினைக்கறோமோ அவங்கள சுத்தி தான் இந்த மாதிரி வேண்டாத நினைப்பு வரும், புதுசா குழந்தை பெத்த அம்மாங்களுக்கு எல்லாம் இது வர்றது ரொம்ப சாதாரணம். நினைப்பு வர்றதும் செய்யறதும் வேற வேற. வந்தா அத விரட்ட பாக்காதீங்க, "சரி, வந்துட்டியா, இரு"ன்னு விட்டுட்டு அருவிய பாருங்க, விரட்ட விரட்ட தான் அது திரும்ப திரும்ப வரும்.

ஒண்ணு மட்டும் தெளிவா சொல்லிடறேன். உயரமே இல்லாதப்பவும், சும்மா வீட்ல இருக்கும்போதும், வாழ பிடிக்கல, இருந்து என்ன பிரயோஜனம்ங்கற மாதிரி தோணுச்சுன்னா அது வேற விஷயம், அதுக்கு பயணத்துக்கு முன்னாடியே ஒரு மனநல டாக்டர பாக்கணும், இல்லன்னா 14416க்கு போன் பண்ணுங்க, அது டெலி மானஸ்ங்கற அரசாங்க சேவை, தமிழ்லயே பேசலாம். உங்க கடிதத்துல அதுக்கான அறிகுறி எதுவும் எனக்கு தெரியல. இருந்தாலும் இத படிக்கற வேற யாருக்காவது தேவைப்படும், அதுக்காக சொல்றேன்.

இப்ப உடம்புக்கு வருவோம், அந்த கால் கூசறது, தல சுத்தறது. நீங்க இத கோழைத்தனம்னு எழுதல, ஆனா எழுதின விதத்துல அந்த வெட்கம் இருக்கு, அதனால சொல்றேன். நாம நேரா நிக்கும்போது கூட உடம்பு முன்னயும் பின்னயும் லேசா ஆடிகிட்டே தான் இருக்கும், நமக்கு தெரியறதில்ல. கண்ணு பக்கத்துல இருக்கற சுவரு, மரம், நாற்காலி இதெல்லாம் பாத்து "கொஞ்சம் சாஞ்சிட்ட, நிமிரு"ன்னு சரி பண்ணிகிட்டே இருக்கும். உள்காதுலயும் கால் தசைலயும் இருக்கற உணர்வுகளும் கூட சேர்ந்து உதவும். உயரத்துல ஓரமா நின்னா பக்கத்துல பாக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல, எல்லாம் ரொம்ப தூரத்துல இருக்கு, அதனால கண்ணால அந்த சின்ன ஆட்டத்த கண்டுபிடிக்க முடியல, உடம்பு உண்மையிலயே கொஞ்சம் கூடுதலா ஆடுது. உங்களுக்கு மட்டும் இல்ல, மலையேறறவங்களுக்கும் இது உண்டு. நீங்க அத "விழப்போறேன்"னு படிச்சுட்டு முட்டிய விறைப்பாக்கறீங்க, மூச்ச வேகமா இழுக்கறீங்க, வேகமா மூச்சு விட்டா கை கால் மரத்து தல இன்னும் கிறுகிறுங்கும், அது பயத்த இன்னும் ஏத்திவிடும். ஜெர்மனியில பொதுமக்கள்கிட்ட கேட்டு பண்ணின ஒரு ஆய்வுல நாலுல ஒருத்தருக்கு மேல உயரத்துல ஏதாவது ஒரு அசௌகரியம் இருக்கறதா சொல்லியிருக்காங்க, அத்தனை பேரும் கோழைங்களா என்ன?

அருவின்னு வரும்போது இன்னொன்னு சேருது, இத யாரும் சொல்லி தர்றதில்ல. நாம உக்காந்திருக்கற ரயில் நின்னுகிட்டு இருக்கும், பக்கத்து தண்டவாளத்து ரயில் கிளம்பும், ஒரு செகண்ட் நம்ம ரயில் தான் நகருதுன்னு தோணும்ல, பெரிய அருவி முன்னாடி அதே தான் நடக்குது. கண்ணு முழுக்க தண்ணி ஒரே பக்கமா ஓடும்போது நாம தான் அதோட சேர்ந்து போறோம்னு மூளைக்கு தோணுது, அருவி கூப்பிடுது இழுக்குதுன்னு சொல்றாங்களே அதுல பாதி இது தான். ரொம்ப நேரம் அருவிய பாத்துட்டு பக்கத்துல இருக்கற பாறைய பாத்தா பாறை மெல்ல மேல ஏறற மாதிரி தெரியும். இத ராபர்ட் ஆடம்ஸ்னு ஒருத்தர் ஸ்காட்லாந்துல ஃபாயர்ஸ் அருவில பாத்துட்டு 1834லயே எழுதி வெச்சிருக்காரு. நயாகராவுல உங்களுக்கும் அப்படி தெரிஞ்சா பயப்படாதீங்க, கண்ணு ஒரே பக்க ஓட்டத்துக்கு பழகி போனதால வர்றது, கொஞ்ச நேரத்துல போயிடும்.

மயங்கி விழுந்துடுவேனோன்னு கேக்காம விட்டுட்டீங்க, ஆனா நிச்சயம் நினைச்சிருப்பீங்க. உயர பயத்துல பொதுவா பிரஷர் ஏறும், மயக்கம் பிரஷர் இறங்கினா தான் வரும், ஊசி ரத்தம் பாத்து மயங்கறவங்களுக்கு நடக்கறது அது. அதனால இந்த பயத்துனால மட்டும் நீங்க மயங்கி விழறதுக்கு வாய்ப்பு ரொம்ப கம்மி. ஆனா வீட்ல படுக்கையில புரளும்போதே ரூம் சுத்துதுன்னா அது காது சம்பந்தப்பட்டதா இருக்கலாம், கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு இஎன்டி டாக்டர பாத்துடுங்க. பிரஷர், இதய மாத்திரை ஏதும் எடுத்தா உங்க டாக்டர்கிட்டயும் பயணத்த பத்தி ஒரு வார்த்தை சொல்லிடுங்க.

மாத்திரை பத்தி கேட்டிருந்தீங்க. பதட்டத்துக்கு குடுக்கற தூக்க வகை மாத்திரைய யார்கிட்டயாவது வாங்கி போட்டுக்கற வேலையே வேண்டாம்மா. நயாகரால தரை எப்பவும் ஈரமா இருக்கும், அந்த மாத்திரை நடைய தள்ளாட வைக்கும், நீங்க பயப்படற அதே விஷயம் நடக்க அது தான் வழி பண்ணும். அதோட மாத்திரை போட்டுகிட்டு நின்னா "மாத்திரைனால நின்னேன்"னு தான் மனசு கணக்கு வெச்சுக்கும், நம்மால முடியும்னு கத்துக்காது. பஸ்ல வாந்திக்கு போடற மாத்திரை இதுக்கு வேலை செய்யாது. ஏற்கனவே டாக்டர் எழுதி குடுத்து எடுத்துகிட்டு இருக்கற மாத்திரைய மட்டும் நீங்களா நிறுத்தாதீங்க.

சரி, நயாகராவுக்கு வர்றேன். டொராண்டோல சில வருஷம் வேலை பாத்ததால அந்த இடம் எனக்கு நல்லா பழக்கம். உங்க மனசுல இருக்கறது ஆகாய கங்கை மாதிரி ஒரு இடம், ஆயிரம் படிக்கு மேல செங்குத்தா இறங்கணும். நயாகரா அப்படி இல்லம்மா. அது சமதளத்துல ஓடிவர்ற ஆறு, திடீர்னு ஒரு பள்ளத்துல விழுது. நீங்க மலை எதுவும் ஏற வேண்டியதில்ல, சக்கர நாற்காலியிலயே வந்து பாக்கறவங்க எத்தனையோ பேர். கனடா பக்கம் இருக்கற குதிரை லாட அருவி சுமார் 57 மீட்டர் உயரம், ஆனா நீங்க நிக்கப்போறது அது விழற விளிம்புக்கு பக்கத்துல, தரையில, டேபிள் ராக்னு சொல்ற இடத்துல. உயரம்ங்கறது கம்பி வேலிக்கு அந்த பக்கம் கீழ பாத்தா மட்டும் தான் தெரியும்.

இதுல நான் சொல்றது, எல்லாரும் போற மாதிரி நேரா டேபிள் ராக்குக்கு போய் இறங்காதீங்க. ஆறு வர்ற பக்கமா, அதாவது அருவிக்கு மேல் பக்கமா கொஞ்ச தூரம் தள்ளி போய் ஆரம்பிங்க, பழைய பவர் ஸ்டேஷன் கட்டடம் இருக்கற பக்கம். அங்க ஆறு உங்க பக்கத்துலயே பாறைங்க மேல நுரைச்சுகிட்டு ஓடும், பள்ளமே இருக்காது. ஆத்துக்கு நடுவுல ஒரு பழைய இரும்பு படகு சிக்கிகிட்டு நிக்கும். 1918ல இழுவை படகுலேர்ந்து அறுத்துகிட்டு வந்து மாட்டினது, அதுல இருந்த ரெண்டு பேர காப்பாத்திட்டாங்க, படகு மட்டும் நூறு வருஷமா அங்கயே கிடந்து 2019ல ஒரு புயல்ல கொஞ்சம் கீழ நகர்ந்து திரும்ப மாட்டிகிச்சு. தண்ணி ஓட்டம் கண்ண சுத்த வைக்கும்போது அந்த அசையாத படகுல கண்ண நிறுத்துங்க, உடனே வித்தியாசம் தெரியும். அங்க பழகினதும் ஆத்து ஓட்டத்தோடயே மெல்ல நடந்து விளிம்பு பக்கம் வாங்க, நடைபாதைல வேலிய விட்டு எவ்ளோ தள்ளி நடந்தா சௌகரியமோ அவ்ளோ தள்ளி நடங்க.

டேபிள் ராக் வந்ததும் ஓடிப்போய் கம்பிய பிடிக்காதீங்க. பின்னாடி சுவர், விளக்கு கம்பம் ஏதாவது பக்கத்துல நில்லுங்க, கால கொஞ்சம் அகட்டி, முட்டிய இளக்கி, கண்ண நேரா எதிர்ப்பக்கம் வெச்சுக்குங்க, ஓரக்கண்ணுல பக்கத்துல இருக்கற கம்பமும் தெரியணும், கண்ணுக்கு அது தான் கைப்பிடி. பயம் பத்துக்கு எத்தனைன்னு உங்களுக்குள்ள ஒரு நம்பர் போடுங்க. எட்டுன்னு வெச்சுக்குவோம். எட்டுல இருக்கும்போது கிளம்பிடாதீங்க, இது தான் ரொம்ப முக்கியம்மா, பயம் உச்சத்துல இருக்கும்போது ஓடி வந்தா "ஓடினதால தான் பொழைச்சேன்"னு மூளை மனப்பாடம் பண்ணிக்கும், அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் பயம் வரும். மூச்ச மெதுவா, உள்ள இழுக்கறத விட வெளிய விடறத நீளமா விட்டுகிட்டு அங்கயே நில்லுங்க, பத்து நிமிஷமோ அரை மணி நேரமோ ஆகட்டும், அது நாலு அஞ்சுக்கு தானா இறங்கும். அப்புறம் ரெண்டடி முன்ன போங்க. கம்பி வரைக்கும் போகலைன்னாலும் ஒண்ணும் குறைஞ்சிடாது, சுற்றுலா சீசன்ல பகல் நேரத்துல செகண்டுக்கு சுமார் 2800 கன மீட்டர் தண்ணி அருவில விழணும்னு கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் 1950லேர்ந்து ஒப்பந்தமே இருக்கு, அந்த சாரலும் சத்தமும் பின்னாடி நிக்கறவங்களுக்கும் நல்லாவே வரும்.

போன் வழியா பாத்துகிட்டே ஓரத்துக்கு போகாதீங்க, கண்ண மூடிகிட்டும் போகாதீங்க, ரெண்டுமே தடுமாற வைக்கும். அண்ணாந்து மேகத்தயும் டவரையும் பாக்காதீங்க, தலைய சாய்ச்சா பேலன்ஸ் இன்னும் போகும். பேத்தி மொத அரை மணி நேரம் அவங்க அம்மாகிட்ட இருக்கட்டும், நீங்க ஆபத்துங்கறதுக்காக இல்ல, பாட்டி பாட்டின்னு அவ இழுத்துகிட்டு இருந்தா உங்க கவனம் நிக்காது, அதுக்காக. நீங்க கொஞ்சம் நிதானமான உடனே நீங்களே அவ கைய பிடிச்சுக்குங்க, கட்டாயம் பிடிச்சுக்குங்க, அவள விலக்கியே வெச்சா அந்த நினைப்பு உண்மைன்னு நீங்களே ஒத்துகிட்ட மாதிரி ஆயிடும்.

உங்களுக்கு ரொம்ப பிடிக்கப்போறது போட் தான்னு நினைக்கறேன். சிவப்பு ரெயின்கோட் குடுப்பாங்க, அருவிக்கு கீழ தண்ணியில போறோம், உயரம் எல்லாம் நமக்கு மேல இருக்கும், நாம பாக்கறது கீழேர்ந்து மேல. உயர பயம் இருக்கற நிறைய பேருக்கு இது சுலபமா இருக்கும், போட் ஆடறதுக்கு கம்பிய பிடிச்சுகிட்டா போதும். அருவிக்கு பின்னாடி போற குகைப்பாதை ஒண்ணும் இருக்கு, லிஃப்ட்ல 38 மீட்டர் கீழ இறக்கி பாறைக்குள்ள நடக்க வெச்சு அருவியோட முதுக காட்டுவாங்க, மூடின இடம்னா பயம் இல்லன்னா அதுக்கும் போகலாம். பவர் ஸ்டேஷன்ல 2022ல திறந்த சுரங்கப்பாதை நல்லா இருக்கும், ஆனா இறங்கற லிஃப்ட் கண்ணாடி, அத முன்னாடியே தெரிஞ்சுகிட்டு போங்க. ஸ்கைலான் டவர், ராட்டினம், நீர்ச்சுழிக்கு மேல கம்பில தொங்கிட்டு போற ஏரோ கார், ஜிப்லைன், இதெல்லாம் இந்த தடவை வேண்டாம். ஸ்கைலான்ல லிஃப்டே வெளிப்பக்கமா கண்ணாடி வெச்சு ஏறும், 160 மீட்டர் டவர், உங்க மொத அனுபவம் அதுவா இருக்க கூடாது. அதே மாதிரி நயாகராவுக்கு முந்தின நாள் டொராண்டோல இருக்கற உயரமான சிஎன் டவருக்கு கூட்டிட்டு போய் கண்ணாடி தரையில நிக்க வெச்சு போட்டோ எடுக்கற பிளான் இருந்தா மாப்பிள்ளைகிட்ட சொல்லி எடுத்துடுங்க.

யாரும் யோசிக்காத இன்னொன்னு ரோடு. டொராண்டோலேர்ந்து நயாகரா சுமார் 130 கிலோமீட்டர், வழியில பர்லிங்டன்லயும் செயின்ட் கேத்தரின்ஸ்லயும் ரெண்டு பெரிய மேம்பாலம் வரும், கீழ கப்பல் போற அளவுக்கு உயரம். திடீர்னு அது வந்தா அங்கயே உங்களுக்கு கை வேர்த்துடும், அருவி வரைக்கும் அந்த பதட்டத்தோட தான் போய் சேருவீங்க. பின் சீட்ல நடுவுல உக்காருங்க, பாலம் வருதுன்னு மாப்பிள்ளைய முன்னாடியே சொல்ல சொல்லுங்க, எதிர்ல போற வண்டியோட பின்பக்கத்த பாத்துகிட்டு மூச்ச நீளமா விடுங்க, ரொம்ப நேரம் இல்ல.

ஜூலைக்குள்ள வீட்லயே கொஞ்சம் பழகிக்கலாம். தினமும் சாயங்காலம் மொட்டை மாடில கைப்பிடிச்சுவர்லேர்ந்து நீங்க தாங்கற தூரத்துல அரை மணி நேரம், கண்ண திறந்துகிட்டு, அந்த நம்பர் இறங்கற வரைக்கும் நில்லுங்க, அடுத்த நாள் அரையடி முன்ன. பழகினதும் காலைல வெயிலுக்கு முன்னாடி உங்க ஊர் மலைக்கோட்டை படி, துணைக்கு ஒரு ஆள் கூட்டிகிட்டு, ஏற முடிஞ்ச வரைக்கும் ஏறி அங்கயே உக்காந்து ஊர பாத்துட்டு வாங்க. யூடியூப்ல நயாகரா வீடியோவ டிவில பெருசா போட்டு தண்ணி ஓட்டத்துக்கும் கண்ண பழக்குங்க. இது சும்மா சொல்றதில்லம்மா, ஆக்ஸ்ஃபோர்ட்ல டேனியல் ஃப்ரீமன் குழு 100 பேர வெச்சு ஒரு ஆய்வு பண்ணி 2018ல வெளியிட்டாங்க, கம்ப்யூட்டர் காட்டற இடத்துலயே நாம நிக்கற மாதிரி தெரிய வைக்கற விஆர் கண்ணாடிய மாட்டி அந்த கம்ப்யூட்டர் உயரத்துல படிப்படியா நிக்க வெச்சவங்களுக்கு பயம் சராசரியா மூணுல ரெண்டு பங்கு குறைஞ்சுது. அந்த மெஷின் இல்லன்னா என்ன, படிப்படியா நிக்கறது தான் மருந்து, அதுக்கு உங்க மொட்டை மாடி போதும்.

வீட்லயே இருந்துடவான்னு கேட்டீங்கல்ல, உடம்பு சரியில்லன்னு பொய் சொல்லி இருக்க வேண்டாம். நீங்க ஹோட்டல்ல தனியா படுத்திருந்தா உங்க மக அங்க அருவிய பாத்தாலும் மனசு உங்ககிட்ட தான் இருக்கும். உண்மைய சொல்லிடுங்க, பெருசா விளக்க கூட வேண்டாம். "எனக்கு உயரம்னா உடம்பே நடுங்கும்மா, நான் வர்றேன், ஆனா என் வேகத்துல தான் வருவேன், யாரும் கைய பிடிச்சு இழுக்காதீங்க, பின்னாடிலேர்ந்து பயமுறுத்தி விளையாடாதீங்க, போதும்னா போதும்" இவ்ளோ தான். இத உங்க மக படிச்சா அவளுக்கும் ஒரு வார்த்தை: அம்மா "ஒண்ணும் ஆகாது வாம்மா"ங்கறத ஆயுசு முழுக்க கேட்டுட்டாங்க, அது ஒரு தடவை கூட உதவல, பேசாம பக்கத்துல நில்லு, அவங்க நிக்கற இடத்துலயே நீயும் நில்லு.

இன்னைக்கே போன் பண்ணுங்கம்மா, ஏன்னா ஒரு நடைமுறை காரணமும் இருக்கு. அங்க நாலஞ்சு இடத்துக்கும் சேர்த்து ஒரே பாஸா விக்கறாங்க, மாப்பிள்ளை ரூம் போட்ட வேகத்துல ஏரோ காரும் சேர்ந்த பாஸ வாங்கிட்டா "காசு குடுத்தாச்சே, வாங்க அத்தை"ன்னு தான் ஆரம்பிக்கும். போட்டுக்கும் அருவிக்கு பின்னாடி போற குகைப்பாதைக்கும் மட்டும் தனித்தனியா டிக்கெட் போட சொல்லுங்க, மத்தத அங்க போய் உங்க நம்பர பாத்துட்டு முடிவு பண்ணிக்கலாம்.